மதிப்பற்ற மாலை

தோட்டத்துக் கிராணியின் வேலை எழுதுவது மட்டுமன்று. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று தீர்ப்பளிப்பதுமாகும். இத்தனை டன் செம்பனைக் குலை, இத்தனை மூட்டை உரம், இத்தனை பேருக்கு இத்தனை நாட்கூலி, தேய்ந்து கழிக்கப்பட்ட அரிவாள் இத்தனை என நாள்தோறும் எழுதி எழுதி, உலகத்துப் பொருள் யாவும் நமது பேரேட்டின் ஒரு வரியில் அடங்கிவிடும் என்ற இறுமாப்பு நமக்கு வளர்ந்திருந்தது. அந்த இறுமாப்பை உடைத்தது ஒரு சிறு கழுத்து மாலை. நாம் செய்த பிழையொன்றைச் சொல்லாமல் அம்மாலையின் வரலாற்றைச் சொல்ல இயலாது. ஆதலின் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது தோட்டத்துப் பழைய பங்களாவை இடிப்பதென நிர்வாகம் முடிவு செய்தது. பால்மரங்கள் நின்ற காலத்தில் வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பலகை வீடு அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் அதில் எவரும் நெடுநாள் குடியிருக்கவில்லை. இடிக்குமுன் சாமான் அறையிலுள்ளவற்றைக் கணக்கெடுத்து, விற்கத்தக்கவை இவை, எறியத்தக்கவை இவை என்று பிரிக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. துருப்பிடித்த விளக்குகள், கறையான் தின்ற நாற்காலிகள், பூஞ்சை பிடித்த புத்தகங்கள் ஆகியவற்றின் நடுவே ஒரு தகரப் பெட்டி கிடந்தது. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த துரைசானி ஒருவர் அங்கே வாழ்ந்ததுண்டென்றும், பெட்டி அவருடையதாக இருக்கலாமென்றும் பழந்தொழிலாளர் கூறினர்.

பெட்டியில் ஒரு மாலை இருந்தது. வெள்ளை மணிகள் கோத்த கயிறு. அதன் நடுவே உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பறவையொன்று இறகு விரித்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பி நின்றது. பறவையின் மார்பிலும் இறகிலும் சிவப்பு, வெள்ளை, நீலப்பச்சைத் துண்டுகள் வரிசையாய் ஒட்டப்பட்டிருந்தன. வால் ஓரத்தில் ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது.

நாம் பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தோம். பவளமென்று நினைத்த சிவப்பு, பிளாஸ்டிக்காக இருந்தது. கறுப்பும் கல்லன்று, சுரண்டிய தூளிலிருந்து இலேசாய்க் கந்தக நாற்றம் வீசியது. அதனைப் பொருட்படுத்தாமல், ‘உடைந்த பிளாஸ்டிக் மாலை 1, மதிப்பு இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

அப்போது அறையைக் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டியார் அதைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிராணி ஐயா, இதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் ஒட்டியிருக்கிறாரே. இதையா குப்பையில் போடச் சொல்கிறீர்கள்?” என்றார்.

நாம் நகைத்தோம். “வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி” என்றோம். கையெழுத்துப் போட மட்டுமே கற்ற அவர் கண்ட ஒன்றை, ஆங்கிலங் கற்ற நாம் காணவில்லை.

இரண்டாண்டு கழித்து, பட்டணத்து நூலகத்தில் அமெரிக்கப் பழங்குடி மக்களின் கைத்தொழில் பற்றிய நூலொன்றைப் புரட்டுகையில், அதே பறவை ஒரு பக்கத்திலிருந்து நம்மைப் பார்த்தது. கறுப்பு உடல், சிவப்பு மார்பு, திரும்பிய தலை என யாவும் அப்படியே இருந்தன. நமக்கு உடல் வியர்த்தது. அந்நூலையும் பின்னர்க் கிடைத்த பிற நூல்களையும் படித்து நாம் அறிந்தவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே நியூ மெக்சிகோ என்றொரு மாநிலம் உண்டு. மழை அரிதான மேட்டு நிலம். அங்கே மண்ணாலும் கல்லாலும் அடுக்கு வீடுகள் கட்டி, சோளம் விளைவித்து, நிலையான ஊர்களில் வாழ்ந்த மக்களை ஸ்பானியர் ‘புவெப்லோ’ என்றழைத்தனர். அச்சொல்லுக்கு ஊர் என்பதே பொருள். இன்றும் அம்மாநிலத்தில் 19 புவெப்லோ ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள கேவா. ஸ்பானியர் அதற்குச் சாந்தோ டொமிங்கோ என்று பெயரிட்டனர். 2009ஆம் ஆண்டில் அவ்வூரார் தம் பழம்பெயரையே மீண்டும் ஊர்ப்பெயராய்க் கொண்டனர். நாம் குப்பையென்று எழுதிய பறவை அவ்வூரார் கைவேலை.

அவ்வூருக்கு அருகே செரில்லோஸ் குன்றுகள் உள்ளன. செம்பு மிகுந்த பாறைகளில் நீர் கசிந்து கசிந்து உண்டாகும் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல் அக்குன்றுகளில் கிடைக்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புவெப்லோ மக்கள் கற்சுத்தியல்களால் அப்பாறையை உடைத்துக் கல்லெடுத்தனர். இரும்பை அறியாத மக்கள் கல்லைக் கல்லால் வென்றனர்.

நீலம் அருகிலிருந்து கிடைத்தது. சிப்பியோ தொலைவிலிருந்து வந்தது. கடலையே கண்டிராத அம்மக்கள், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் கைமாறிக் கைமாறி வந்த சிப்பிகளையும் சங்குகளையும் பெற்றனர். முள் நிறைந்த ஒருவகைச் சிப்பியின் செம்மஞ்சள் ஓட்டை அவர்கள் பெரிதும் விரும்பினர். கேவா மக்கள் பேசும் கெரெஸ் மொழியில் சிப்பிக்கு வழங்கும் சொல்லே ‘ஹீஷி’. தட்டையாய்த் தேய்த்துக் கோத்த சிறு மணிமாலைக்கு இன்று உலகெங்கும் அச்சொல்லே பெயராய் வழங்குகிறது.

இவ்வேலை எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். டர்க்காய்ஸ் வைரம்போல் கடினமானதன்று. மணற்கல்லின்மேல் நீர் விட்டுத் தேய்த்தால் தேயும், அவசரப்பட்டால் உடையும். முதலில் கல்லை மெல்லிய தகடாய்த் தேய்ப்பர். பின்னர் அதைக் கீறி ஒடித்து, நகக்கண் அளவேயுள்ள துண்டுகளாக்குவர். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பக்கத்துத் துண்டோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு தேய்ப்பர். அடிப்பலகையாவது ஒரு முழுச் சிப்பி, அல்லது மரம், அல்லது எலும்பு. பின்யோன் என்னும் பைன் மரத்துப் பிசினை உருக்கித் தடவி, துண்டுகளை அதில் பதிப்பர். இறுதியில் மேற்பரப்பு முழுவதையும் ஒருசேரத் தேய்த்து மெருகிடுவர். மணி வேண்டுமாயின், துளையிட்ட சில்லுகளை ஒரு நூலில் இறுகக் கோத்து, அந்நூலோடு மணற்கல்லில் உருட்டித் தேய்ப்பர். நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே அளவில் உருண்டு வரும். இவ்வளவு பாட்டிற்கும் வேண்டிய முதல் நேரமும் பொறுமையுமே.

நியூ மெக்சிகோவின் வடமேற்கிலுள்ள சாக்கோ பள்ளத்தாக்கில் 600க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு பேரில்லம் இடிந்து கிடக்கிறது. அதற்குப் புவெப்லோ போனித்தோ, அதாவது அழகிய ஊர், என்று பெயர். 1896ஆம் ஆண்டில் அங்கு அகழ்வாராய்ச்சி தொடங்கியது. 33ஆம் எண்ணிட்ட சிற்றறையொன்றில் 14 பேர் புதைக்கப்பட்டிருந்தனர்; அவர்களோடு ஆயிரமாயிரம் டர்க்காய்ஸ் மணிகளும் சிப்பி அணிகளும், டர்க்காய்ஸ் துண்டுகளால் முழுதும் மூடப்பட்ட ஒரு கூடையும் இருந்தன. வேறோர் அறையில் கரிய ஜெட் கல்லில் செதுக்கி, டர்க்காய்ஸ் கண் வைத்த ஒரு தவளை கிடைத்தது. தெற்கே அரிசோனாப் பாலையில் வாழ்ந்தவரும் ஹோஹோகம் என்று ஆராய்ச்சியாளரால் அழைக்கப்படுபவருமான மக்களும் சிப்பியின் முதுகை டர்க்காய்ஸ் துண்டுகளால் மூடித் தவளையுருவாக்கினர். வறண்ட நிலத்தார் தவளையை ஏன் விரும்பினர் என்று நாம் வினவ வேண்டியதில்லை. மழை வந்தாலன்றோ தவளை கத்தும்!

அந்த 33ஆம் அறை மாந்தருள் ஒன்பதுபேரின் எலும்புகளை ஆராய்ந்த அறிஞர், அவர்கள் ஒரே தாய்வழியினர் என்று 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ 330 ஆண்டுகளாக ஒரு தாய்வழிக் குடும்பம் தன் மூத்தோரை அவ்வறையில் வைத்து வந்திருக்கிறது. இதனைப் படித்தபோது நமக்கு வியப்போடு ஒரு கூச்சமும் உண்டாயிற்று. நாம் ‘அணிகலன்’ என்று போற்றிப் பார்ப்பது பிறருடைய பாட்டன் பாட்டிமாரின் கல்லறைப் பொருளன்றோ? பழங்குடியினரின் எலும்புகளையும் கல்லறைப் பொருள்களையும் உரிய மக்களிடம் அருங்காட்சியகங்கள் திருப்பித்தர வேண்டுமென 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அகழ்வு தொடங்கி அதற்குள் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இத்துணைத் தொன்மையும் பெருமையும் உடைய தொழிலுக்கும், பிளாஸ்டிக் ஒட்டிய நமது பறவைக்கும் என்ன உறவு? நாம் சொல்ல வந்ததன் மையம் இதுவே.

1929ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் பரவிற்று. கேவா ஊராருக்கு நல்ல கல் வாங்கப் பணமில்லை. நல்ல கல்லில் செய்தாலும் வாங்குவார் இல்லை. ஊரருகே இருப்புப்பாதை ஓடியது. 1926ஆம் ஆண்டில் எண்ணிடப்பட்ட 66ஆம் நெடுஞ்சாலையும் 1937 வரை அப்பக்கமாகவே சென்றது. இரயிலிலும் மோட்டாரிலும் செல்லும் பயணிகள் சிலர் மலிவாய் ஏதேனும் வாங்குவர். மலிவாய் விற்பதற்கு மலிவான பொருள் வேண்டும். அவ்வூரார் சாலையோரத்தையும் குப்பை மேட்டையும் பார்த்தனர். பழுதான மோட்டார் பேட்டரியின் கறுப்புப் பெட்டி கிடைத்தது. தேய்ந்த கிராமபோன் தட்டு கிடைத்தது. முன்னோர் ஜெட் கல்லை வைத்த இடத்தில் அவற்றை வைத்தனர். செந்நிறச் சிப்பியின் இடத்தில் பல்துலக்கியின் சிவப்புப் பிடியையும் உடைந்த சீப்பையும் அறுத்து வைத்தனர். வெண்சிப்பியின் இடத்தில் உள்ளூர் ஜிப்சம் கல்லும் எலும்பும் நின்றன. டர்க்காய்ஸ் மட்டும், சிறு சிறு சில்லாக, தன் இடத்திலேயே நின்றது. பயணிகள் விரும்பிக் கேட்டது இறகு விரித்த இடிப்பறவை. ஆதலின் பறவையாகவே செய்தனர். வீட்டில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சுற்றி அமர்ந்து, ஒருவர் அறுக்க, ஒருவர் தேய்க்க, ஒருவர் ஒட்டினர்.

பொருள் மாறிற்று, முறை மாறவில்லை. கறுப்பு எங்கே நிற்கவேண்டும், சிவப்பு எங்கே நிற்கவேண்டும், துண்டும் துண்டும் எப்படிப் பொருந்தவேண்டும் என்ற கையறிவு அந்தப் பேட்டரிப் பெட்டியின்மேல் அமர்ந்து, பஞ்ச காலத்தைக் கடந்து வந்தது.

இதற்குச் சான்றாக ஒருவர் வரலாற்றைச் சொல்லலாம். 1946ஆம் ஆண்டில் கேவாவில் பிறந்த ஆஞ்சி ரியானோ ஓவன் என்ற அம்மையார், இளமையில் தம் குடும்பத்தாரோடு அமர்ந்து இத்தகைய மலிவு அணிகளைச் செய்து பழகியவர். பின்னர் அருங்காட்சியகங்களிலுள்ள முன்னோர் பதிப்பு வேலைகளை உற்று நோக்கி, 1970களில் சிப்பியின்மேல் டர்க்காய்ஸ் பதிக்கும் பழங்கலையை மீண்டும் தழைக்கச் செய்தார். அவர் வேலைகளை இன்று பெரிய அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. பல்துலக்கிப் பிடியை அறுத்துப் பழகிய குடும்பத்திலிருந்தே அந்த மறுமலர்ச்சி எழுந்தது.

மெய் எது, போலி எது என்னும் வினா இங்கே தலைகீழாகிறது. பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடியினர் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அமெரிக்காவில் குற்றம். முதற் குற்றத்திற்கே ஐந்தாண்டுவரை சிறையும், இரண்டரை இலட்சம் டாலர்வரை தண்டமும் உண்டு. எனினும் போலி வணிகம் ஓயவில்லை. நமக்கு அண்டையிலுள்ள பிலிப்பைன்ஸ் நாட்டில் அணிகளைச் செய்வித்து, அமெரிக்கப் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற வணிகர் ஒருவருக்கு 2018ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவில் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அத்தகைய அணியில் உண்மை வெள்ளியும் உண்மைக் கல்லும் இருக்கலாம். ஆயினும் அது போலி. நம் பறவையில் பிளாஸ்டிக் இருந்தது. ஆயினும் அது மெய். பிலிப்பைன்ஸ் தொழிலாளியின் கையும் உழைத்த கையே. அவரை நாம் குறை கூறோம். அவர் பெயரை மறைத்து, வேறொருவர் பெயரைத் திருடி, இருவரையும் ஏய்த்தவனிடத்தே குற்றம் இருக்கிறது. ஆகவே ஓர் அணியைக் கையிலெடுத்தால், ‘இஃது எதனால் ஆனது?’ என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. ‘இதை யார் செய்தார்? அவருக்கு அதன் விலை சென்றதா?’ என்றும் கேட்கவேண்டும். முதற்கேள்விக்குப் பேனாக்கத்தி போதும். மற்றவற்றிற்கு மனிதர்மேல் நினைவு வேண்டும்.

நாம் கத்தியால் சுரண்டியபோது எழுந்த கந்தக நாற்றத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்து மோட்டார் பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் கந்தகம் சேர்த்து இறுக்கிய கடின ரப்பரால் ஆனவை. 1930களில் உலகத்து ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும், டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் சென்றது. அதனை மிகுதியாய் வாங்கியது அமெரிக்காவே. கேவா மக்களைக் குப்பைமேட்டிற்கு அனுப்பிய அதே வீழ்ச்சி, ரப்பர் விலையையும் வீழ்த்திற்று. 1930க்கும் 1932க்கும் இடையே பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்பறவையின் கறுப்பு உடல் இந்நாட்டு மரமொன்றின் பாலாக இருந்திருக்கலாம். அதனைப் பால்மரத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாம் ‘பிளாஸ்டிக்’ என்று எழுதினோம்!

இவ்வளவும் அறிந்தபின் நாம் செய்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்துப் பறவை மாலைகளை இன்று சேகரிப்போர் விரும்பி வாங்குகின்றனர் என்றும் அந்நூல்களில் படித்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சட்டைப்பையில் ஐம்பது வெள்ளித் தாளொன்றை வைத்துக்கொண்டு அம்மூதாட்டியார் வீட்டிற்குச் சென்றோம். ஒன்றும் சொல்லாமல் மாலையை விலைக்குக் கேட்பதே நமது எண்ணம்.

மாலை, அவர் கணவரின் படத்தருகே ஓர் ஆணியில் தொங்கியது. வாலில் உதிர்ந்திருந்த துண்டின் இடத்தில் ஒரு நீலத்துண்டு இருந்தது. போத்தல் மூடியை அறுத்து, ஓரத்தைச் சிமெந்துத் தரையில் தேய்த்துத் தேய்த்து அளவாக்கி, பசையால் ஒட்டியதாக அவர் சொன்னார். ‘ஐயோ, கெடுத்துவிட்டாரே’ என்று முதலில் நம் மனம் பதைத்தது. மறுகணமே நாணினோம். இல்லாத கல்லுக்காக ஏங்காமல் இருக்கும் பொருளை எடுத்து, அளவாய்த் தேய்த்து, வெற்றிடத்தை நிரப்பியிருந்தார். கேவாவின் வீடுகளில் நடந்ததும் இதுதானே?

“ஐயாவுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் கொடுத்ததுதானே” என்றார்.

அந்தச் சொல் சட்டைப்பையிலிருந்த தாளைச் சுட்டது. நாம் திண்ணையில் அமர்ந்து அனைத்தையும் கூறினோம். அதன் விலையையும் கூறினோம். நாம் எதற்கு வந்தோம் என்பதையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பறவையின் கறுப்பு முதுகை விரலால் தடவி, “அப்படியானால் எங்கள் தாத்தா வெட்டிய பாலாய்க்கூட இருக்குமோ, ஐயா?” என்றார்.

“இருக்கலாம், பாட்டி” என்றோம்.

“அப்போது இது இங்கேயே இருக்கட்டும்” என்றார். நாம் தேநீர் அருந்தி வெறுங்கையுடன் திரும்பினோம்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய பேரேட்டைத் தேடி எடுத்தோம். முடிந்த கணக்கைத் திருத்துவது முறையன்று. ஆதலின் எழுதியதை அடிக்கவில்லை. ‘மதிப்பு இல்லை’ என்ற வரியின் ஓரத்தில், சிறிய எழுத்தில், ‘மதிப்பிட்டவருக்குத் தெரியவில்லை’ என்று எழுதி, தேதியிட்டு, மீண்டும் கையொப்பமிட்டோம்.